மேற்பார்வையின் ரீல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் ஃபேன் போடக் கூடாது. ஜன்னல் திறக்கக் கூடாது. தும்மக் கூடாது. தும்மல் வந்தே தீரும் என்றால் மொட்டை மாடிக்குப் போய்த் தும்மிவிட்டு வரலாம், அதற்கு மட்டும் அனுமதி உண்டு. ஏனென்றால் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, வீட்டுக்காரர் தூண்டில் நரம்பைச் சுற்றுகிற தன் ரீலைப் பிரித்துப் போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருப்பார். அதில் மிளகில் பாதி அளவுக்கு ஸ்பிரிங் எல்லாம் இருக்கிறது. காற்றடித்தால் போச்சு.

வீட்டுக்காரருக்கு ஊரில் பெயர் மேற்பார்வை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. தண்ணீர் மீட்டர் பரிசோதனைக் கூடத்தில் அவர் மேற்பார்வையாளர். மற்றவர்கள் மீட்டரைக் கழற்றுவார்கள், துடைப்பார்கள், மாட்டுவார்கள், குழாயில் பொருத்தித் தண்ணீரை முழு வேகத்தில் திறந்துவிடுவார்கள். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து, குனிந்து ஒரு பார்வை பார்த்து, "நிராகரிப்பு. அடுத்தது!" என்பார். பதினெட்டு வருஷமாக அங்கே ஒரு திருகைக்கூட அவர் கை தொட்டது கிடையாது. தொட்டால் மரியாதை போய்விடும் என்பது அவருடைய கட்சி.

அந்தக் கை வாரத்துக்கு ஒரு நாள் வேலை செய்தது என்றால் அது ரீலுக்காகத்தான். ஞாயிறு காலையில், கடலுக்குள் கொஞ்ச தூரம் போய்ப் பாதியில் நின்றுவிட்ட பழைய பாலத்தில் போய்த் தூண்டில் போடுவார். மீன் கிடைக்கும், கிடைக்காது, அது வேறு விஷயம். மத்தியானம் வந்து ரீலைச் சுத்தம் செய்வதுதான் பெரிய விஷயம். உப்புத்தண்ணீர் பட்ட ரீலைச் சும்மா வைத்தால் உள்ளே அரித்துவிடும் அல்லவா?

எப்படிச் சுத்தம் செய்வார், கேளுங்கள். முதலில் ரீலைக் கொண்டுபோய்க் குளியலறைக் குழாயடியில் பிடித்து, குழாயை முழுசாகத் திறந்துவிடுவார். மீட்டருக்கு அப்படித்தானே செய்வது? மேலே ஒட்டியிருந்த உப்பெல்லாம் அந்த வேகத்தில் உள்ளே போய் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் பிரிப்பார். பிரித்த சாமான்களைச் செய்தித்தாளில் வரிசையாக அடுக்குவார். கழற்றிய வரிசையில் இல்லை. அது பாமரர்கள் செய்வது. இவர் ஆபீஸ் முறைப்படி, பெரிசு முதல் சிறிசு வரை உயரவாரியாக அடுக்குவார். பார்ப்பதற்குப் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்க நிறுத்தின மாதிரி அழகாக இருக்கும். எது எங்கே இருந்து வந்தது என்பது மட்டும் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

பிறகு எண்ணெய். சொட்டு விடுகிற ஜாதி இல்லை அவர். ஊற்றுகிற ஜாதி.

இரண்டு மணி நேரம் கழித்து, வியர்வையில் தொப்பலாக நனைந்து, ரீலை மாட்டி முடித்து, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றுவார். சுற்றும். "பாத்தியா!" என்பார். செய்தித்தாளில் ஒரு சாமான் மிச்சம் கிடக்கும். ஒரு குட்டித் திருகோ, வாஷரோ, ஸ்பிரிங்கோ, ஏதாவது ஒன்று. வாராவாரம் மிச்சம் விழும்.

"கம்பெனிக்காரன் ஒண்ணு கூடுதலாப் போட்டு அனுப்பிடறான்" என்று சொல்லி, அதைத் தூக்கி ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுவார். குறட்டை ஐந்து மணி வரைக்கும் நிற்காது.

எட்டு வருஷத்தில் அந்த டப்பா முக்கால்வாசி நிறைந்துவிட்டது. பாலத்தில் தூண்டில் போட வருகிற ஆட்களிடம் அதைக் குலுக்கிக் காட்டுவார். "இத்தனை சாமான் இல்லாமலே என் ரீல் வெண்ணெயாட்டம் ஓடுது. எப்படி? கை! மாட்டற கையில இருக்கு விஷயம்!"

ஓடத்தான் செய்தது. அதுதான் வேடிக்கை. பாலத்திலேயே அவர் ரீல்தான் சத்தமில்லாமல் சுற்றும். அதனால் ரீலில் ஒரு சந்தேகம் என்றால் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். "மேற்பார்வை எங்கப்பா?" என்று தேடிக்கொண்டு வருவார்கள். அந்தக் கேள்வி காதில் விழுந்தால் போதும், மனிதருக்கு அரை அடி உயரம் கூடிவிடும். ஆபீஸில் சம்பளத்துக்காக அந்தப் பெயர். பாலத்தில் அன்பாகக் கிடைத்த பெயர். அதை இழப்பதென்றால் ஒரு கையை இழப்பது போலத்தான் அவருக்கு.

மனைவியைப் பற்றிச் சொல்லவில்லையே. அவள் தையல் டீச்சர். இருபது பெண்பிள்ளைகளுக்கு இருபது தையல் மெஷின்கள், எல்லாம் அரதப் பழசு. நூல் அறுந்தாலும் ஊசி முறிந்தாலும் அவள்தான் பிரிக்க வேண்டும், அவள்தான் மாட்ட வேண்டும். ஞாயிறு மத்தியானம் ஃபேன் இல்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து பத்திரிகையால் விசிறிக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். "நானும் ஒரு நாள் பாலத்துக்கு வரட்டுமா?" என்று மட்டும் எப்போதாவது கேட்பாள்.

"அங்க காத்து ஜாஸ்தி. உனக்கு ஒத்துக்காது" என்பார் மேற்பார்வை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மேல்மாடிக்கு ஒரு பல் டாக்டர் குடிவந்தார்.

நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆறடி உயரம். வாயைத் திறந்தால் முப்பத்திரண்டும் வரிசையாகப் பளபளக்கும். வந்த இரண்டாம் வாரமே புது ரீல் ஒன்று வாங்கிக்கொண்டு பாலத்தில் வந்து நின்றார். அதுவும் மேற்பார்வைக்குப் பக்கத்திலேயே.

"சார், நீங்கதான் ரீல்ல எக்ஸ்பர்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுங்களேன்."

இப்படி மரியாதையாகக் கேட்டால் மறுக்க முடியுமா? முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். குழாயை முழுசாகத் திறந்துவிடுவதிலிருந்து எண்ணெய் ஊற்றுவது வரைக்கும். "பிரேக்குக்குள்ள வட்டமா ஒரு பட்டை இருக்கும் பாருங்க, அதுக்கும் தாராளமா விடுங்க. அது பாவம், ரொம்ப உழைக்குது" என்றார்.

டாக்டர் நல்ல பிள்ளையாக அப்படியே செய்தார். அடுத்த ஞாயிறு அவர் தூண்டிலில் பெரிய மீன் ஒன்று மாட்டியது. எண்ணெயில் ஊறின பிரேக் வழுக்கி, மீன் தூண்டில் நரம்பை முழுசாக இழுத்துக்கொண்டு அடுத்த தேசத்துக்கே போய்விட்டது. மேற்பார்வை ஆறுதல் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து வழக்கத்தைவிட ஒரு தட்டுச் சாப்பாடு கூடுதலாகச் சாப்பிட்டார்.

அந்தச் சந்தோஷம் மூன்று வாரத்துக்கு மேல் நிலைக்கவில்லை. நாலாவது வாரம் டாக்டர் கைப்பிடியைச் சுற்றினார் பாருங்கள், ஒரு சத்தம் இல்லை. பக்கத்தில் நின்ற ஆள் வாங்கிச் சுற்றிப் பார்த்தான். அவனிடமிருந்து இன்னொருத்தன் வாங்கினான்.

"மேற்பார்வை, உங்க ரீலைத் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு இது!" என்றார் பாலத்துத் தூண்டில் சங்கத்தின் செயலாளர். அவர் பேக்கரி வைத்திருப்பவர், எதையும் நேரம் பார்த்துச் சொல்லத் தெரியாதவர்.

மேற்பார்வை தன் ரீலைச் சட்டைத் துணியால் ஒரு துடை துடைத்தார். "புது ரீல்தானே. போகப் போகத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கடலும் பளபளவென்று பல்லைக் காட்டியது.

பேக்கரிக்காரர் அதோடு விட்டாரா? "வர்ற வாரம் நம்ம வருஷப் போட்டி இல்லியா? போன வருஷம் ஒருத்தன் ரீல்லேருந்து கைப்பிடி கழண்டு பறந்து என் மூக்குல அடிச்சுது. அதனால இந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு. போட்டிக்கு முன்னாடி எல்லா ரீலையும் ஒரு ஆள் மேஜை போட்டு உட்கார்ந்து பரிசோதிக்கணும். சரின்னாத்தான் உள்ள விடுவோம்."

மேற்பார்வை அடக்கமாகத் தொண்டையைச் செருமினார். பரிசோதனைக்கு அவரைவிட்டால் ஆள் ஏது? பிறந்ததே அந்த நாற்காலியில் உட்காருவதற்குத்தானே? "எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.

"எல்லாரும் வர்ற நேரத்துக்கு வாங்க. ஆளைப் பத்தி டாக்டர் ஒரு பேர் சொல்லியிருக்கார். ஞாயித்துக்கிழமை தெரியும்."

டாக்டர் ஒரு பேர் சொல்லியிருக்கிறாராம்! எந்தப் பேரைச் சொல்லியிருப்பான்? தன் பேரைத்தான். வந்து ரெண்டு மாசம் ஆகவில்லை, நாற்காலி கேட்கிறது! மேற்பார்வை அன்றைக்குத் தூண்டிலில் இரை மாட்டாமலேயே ஒரு மணி நேரம் தண்ணீரில் விட்டுக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை காலையில் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்தது. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். தானே தைத்துக்கொள்ளலாம் என்று அவளுடைய தையல் பெட்டியைத் திறந்தார். நூல்கண்டுகளுக்கு நடுவில் அது இருந்தது. நீளமான காம்பு. நுனியில் பொத்தான் அளவுக்கு வட்டமாக ஒரு கண்ணாடி. பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற கண்ணாடி!

மேற்பார்வை கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். யோசிக்க யோசிக்க எல்லாம் வரிசையாக வந்து நின்றது. கொஞ்ச நாளாகவே மனைவி பல் தெரியச் சிரிக்கிறாள். பாட்டு முணுமுணுக்கிறாள். புதன்கிழமைகளில் அவளுக்கு மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். டாக்டர் புதன்கிழமை சாயங்காலம்தான் கடை திறக்கிறார். இன்னொன்று, போன வாரம் ஐஸ் போட்டு ஜூஸ் குடித்தபோது அதில் எண்ணெய் வாடை அடித்தது. இதற்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கே புரியவில்லை. ஆனால் சந்தேகப்படுகிறபோது எல்லாவற்றையும் சேர்த்துச் சந்தேகப்பட்டுவிடுவதுதான் அவர் வழக்கம்.

சாப்பிடும்போது நைசாக ஆரம்பித்தார்.

"ஏம்மா, உன் பல்லெல்லாம் எப்படி இருக்கு?"

"வாயிலதான் இருக்கு. ஏன்?"

"இல்ல, வலி கிலி ஏதாவது..."

"இல்லியே."

"ஆட்டம்?"

"ஒரு ஆட்டமும் இல்ல."

"கூச்சம்?"

"உங்ககூட இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியாச்சு, இனிமே என்ன கூச்சம்? என்னதாங்க வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மா ஒரு அக்கறை" என்றார்.

"அக்கறையா? உடம்பு கிடம்பு சரியில்லியா உங்களுக்கு?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

புதன்கிழமை வந்தது. மேற்பார்வை அரை நாள் லீவு போட்டார். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்கு முன்பே தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே போய், பால்கனியில் காய்ந்துகொண்டிருந்த பெரிய போர்வைக்குப் பின்னால் நின்றுகொண்டார். காய்ந்துகொண்டிருந்தது என்றா சொன்னேன்? இல்லை, நன்றாக ஈரம். சொட்டுச் சொட்டாக அவர் உச்சந்தலையிலேயே விழுந்தது. எறும்பு ஒன்று காலுறைக்குள் புகுந்து குடித்தனம் வைத்தது. ஆடாமல் நின்றார். கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. மனைவி வந்தாள். ஐந்து நிமிஷத்தில் டாக்டரும் வந்தார். மேற்பார்வை போர்வையின் ஓரத்தை விலக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

பார்த்தவர் மற்றக் கண்ணையும் கொண்டுவந்து பார்த்தார்.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முழு வேகத்தில்! அவருடைய மேஜையில், அவருடைய நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். முன்னால் டாக்டரின் ரீல். பக்கத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஐஸ் தட்டு. ரீலிலிருந்து கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் கழற்றுகிற வரிசையில் ஒவ்வொரு குழியில் போட்டுக்கொண்டே வந்தாள். முதல் திருகு முதல் குழி. அடுத்த வாஷர் அடுத்த குழி. எந்த ஸ்பிரிங்கும் பறக்கவில்லை. ஆறடி டாக்டர், நர்ஸ் மாதிரி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"ஸ்பிரிட்" என்றாள் அவள்.

"இந்தாங்க டீச்சர்."

"பஞ்சு."

"இந்தாங்க."

"வெளிச்சத்த நேராப் பிடிங்க டாக்டர், கை ஆடுது. பிரேக் பட்டையில எண்ணெய் விடக் கூடாதுன்னு போன மாசமே சொன்னேன் இல்ல? இது பாபின்ல நூலை இறுக்கிப் பிடிக்கற மாதிரிதான். எண்ணெய் பட்டா பிடிக்குமா? வழுக்கத்தான் செய்யும். பேரிங்குக்கு மட்டும் ஒரு சொட்டு, மெஷின் எண்ணெய். பல் சக்கரத்துக்குக் கிரீஸ். அவ்வளவுதான்."

ஐந்து நிமிஷம். துடைத்து, கிரீஸ் தடவி, கடைசிக் குழியிலிருந்து முதல் குழி வரைக்கும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து மாட்டிவிட்டாள். தட்டு காலி. மிச்சம் ஒன்றும் இல்லை.

இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூட மேற்பார்வைக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவள் கையில் இருந்தது ரீல். அடுத்தவன் ரீல்! அடப் பாவி, என் வீட்டு ஃபேன் காற்றில், என் மேஜையில், எவனோ ஒருத்தன் ரீலுக்கு என் பெண்டாட்டி பஞ்சால் ஒத்தி ஒத்தி எடுக்கிறாளே என்று பொறாமையில் வெந்துபோனார். போர்வை ஈரமாக இருந்ததால் பற்றிக்கொள்ளாமல் தப்பித்தது.

"டீச்சர், இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் அந்தச் சின்னக் கண்ணாடியை எடுத்து ரீலின் அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒரு கணம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு பல் தெரியச் சிரித்தாள்.

"எல்லாம் எங்க வீட்டுக்காரர் செய்யறதப் பார்த்துப் பார்த்துத்தான் டாக்டர்" என்றாள், கொஞ்சம் உரக்கவே. "நல்லவேளை, வெட்டவெளியா மேஜையில வச்சுச் செய்யறார். ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுச் செஞ்சு, பீரோவுல வச்சுப் பூட்டியிருந்தார்னா எனக்கு ஒண்ணுமே கிடைச்சிருக்காது."

மேற்பார்வைக்கு முதலில் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நொடியே பகீரென்றது. ஆகா, விஷயம் இப்படியா! எட்டு வருஷமாக நான் கரைத்துக் குடித்த வித்தையை மூலையில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் திருடி, மேல்மாடிக்குச் சப்ளை செய்கிறாளா? அதை வைத்துக்கொண்டு அந்தப் பல்லன் என் நாற்காலியைப் பிடிக்கப் பார்க்கிறானா? இருக்கட்டும். இனிமேல் ஒரு திருகுகூட இவள் கண்ணில் படாது. ரூம், கதவு, பீரோ, பூட்டு! யோசனையை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள், அசடு!

அவள் டாக்டரை வழியனுப்ப மேல்மாடிப் படி வரைக்கும் போனபோது நழுவி வெளியே போய், தெருவை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, சாயங்காலம் ஆபீஸிலிருந்து வருகிறவர் போல வந்தார்.

"என்னங்க, தலையெல்லாம் ஈரம்?"

"மழை."

"இங்க ஒரு பொட்டு இல்லியே?"

"எங்க ஆபீஸ் மேல மட்டும் பேஞ்சுது."

"ஓ" என்று சொல்லி அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டார். "கால்ல எறும்பும் ஆபீஸ்லயே கடிச்சதா?" என்று கேட்டாள். அவர் குளியலறைக்குள் போய்விட்டார்.

சனிக்கிழமை. மறுநாள் போட்டி. மேற்பார்வை ரீலோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். சாவித் துவாரத்தில் பஞ்சை அடைத்தார். கட்டிலில் செய்தித்தாளை விரித்தார். பெரிசு முதல் சிறிசு வரை அடுக்கினார். எண்ணெயை ஊற்றினார். இரண்டே கால் மணி நேரம். கதவு தட்டுகிற சத்தம்.

"ஏங்க, நாளைக்குப் போட்டி. ரீலை ஒரு தடவை குடுங்க, பாத்துட்டுத் தந்துடறேன்."

"எதுக்கு? பாத்துட்டு மேல போய் ஒப்பிக்கறதுக்கா?"

"அப்புறம் என்னை ஒண்ணும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"மிச்சம் விழுந்துதா?"

"ஒரு குட்டி ஸ்பிரிங். எப்பவும் போலத்தான். கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டிருக்கான்."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி. காலையில டப்பாவையாவது மறக்காம எடுத்துட்டுப் போங்க. உங்களுக்கு ராசியான டப்பா."

ராசியான டப்பாதான், அதிலென்ன சந்தேகம். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். முன்பக்கமாகச் சுற்றியது. பின்பக்கமாகச் சுற்றுமா என்று யாராவது பார்ப்பார்களா? ரீலையும் டப்பாவையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டு, அந்தச் சட்டையோடேயே தூங்கினார்.

ஞாயிறு காலையில் எழுந்து பார்த்தால் மனைவியைக் காணோம். "அவசர வேலை. டீ ஃபிளாஸ்கில் இருக்கிறது" என்று ஒரு சீட்டு. அவசரமோ என்னவோ, தையல் பெட்டியையும் காணோம், ஐஸ் தட்டையும் காணோம். டாக்டர் மேல் வந்த கோபத்தில் அதையெல்லாம் அவர் மனசில் வாங்கவில்லை.

பாலத்து முகப்பில் ஒரு பெரிய குடை. குடைக்குக் கீழே மேஜை. மேஜையைச் சுற்றிக் கூட்டம். ரீலும் கையுமாக வரிசையில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். பன்னிரண்டாவது ஆள் பல் டாக்டர்!

மேற்பார்வைக்குப் பால் வார்த்தது போல இருந்தது. டாக்டர் வரிசையில் நிற்கிறார் என்றால் நாற்காலி அவருக்கு இல்லை. அவருக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு? தாமதமாக வந்துவிட்டோமே, காத்திருக்கிறார்களே என்று பதறி, "வழி விடுங்கப்பா, வழி விடுங்க, வந்துட்டேன்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

நாற்காலியில் ஆள் இருந்தது. முன்னால் ஐஸ் தட்டு. கையில் யாருடைய ரீலோ. காதுக்குப் பின்னால் பென்சில் போலச் செருகிய பல் டாக்டர் கண்ணாடி.

"வரிசையில வாங்க" என்றாள் அவர் மனைவி, தலையை நிமிர்த்தாமல்.

"ஏய்... நீயா?"

"வரிசையில வாங்க சார்" என்று பின்னாலிருந்து பத்துக் குரல். ஒரு குரல் டாக்டருடையது. "எனக்குப் பின்னாடி இடம் இருக்கு சார்!"

பெண்டாட்டியைப் பார்க்க வரிசையில் நின்ற புருஷன் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அதுவும் அந்தப் பல்லனுக்குப் பின்னால்? முக்கால் மணி நேரம் நின்றார். ஒவ்வொருத்தரிடமும் அவள் சிரித்துப் பேசினாள். "நல்லா வச்சிருக்கீங்க" என்று ஒருத்தனைப் பாராட்டினாள். டாக்டர் முறை வந்தபோது, "உங்களுதை நான் பார்க்கவே வேண்டாம்" என்று சொல்லி அப்படியே அனுப்பினாள். பார்க்கவே வேண்டாமாம்! அத்தனை நம்பிக்கை! மேற்பார்வை நகத்தைக் கடித்துக் கடித்து, கடிக்க நகம் இல்லாமல் தொப்பியின் ஓரத்தைக் கடித்தார்.

அவர் முறை வந்தது. "என் ரீலையும் பார்க்க வேண்டியதில்ல" என்றார், விறைப்பாக.

"எல்லாருக்கும் பொதுவா ஒரே சட்டம். பிடிங்க."

கைப்பிடியை அவரிடமே பிடிக்கச் சொல்லி, நரம்பின் நுனியை அவள் சுண்டி ஒரு இழுப்பு இழுத்தாள். கைப்பிடி அவர் பிடியிலிருந்து நழுவிப் பின்பக்கமாகப் பேய் பிடித்த மாதிரி சுற்றி, அவர் விரல் முட்டிகளை டக் டக் டக் என்று எண்ணி நாலு தட்டுத் தட்டியது. நரம்பு வட்டம் வட்டமாகக் கிளம்பி அவர் தொப்பியைச் சுற்றிக்கொண்டது.

"நிராகரிப்பு" என்றாள் அவள், மெதுவாக.

மேற்பார்வை தொப்பியில் சுற்றிய நரம்பைப் பிடுங்கினார். "எட்டு வருஷமா ஓடின ரீல்..."

அவள் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில், "டப்பாவக் குடுங்க" என்றாள்.

கொடுத்தார். திறந்து உள்ளங்கையில் கொட்டினாள். குவியலிலிருந்து ஒவ்வொன்றாக விரலால் தள்ளினாள். "இது தையல் மெஷின் ஊசித் திருகு. இது பாபின் ஸ்பிரிங். இது கொக்கி. இது உங்க பழைய கால்சட்டையில இருந்த பட்டன். இதுவும் மெஷினோடது. இதுவும்."

"அப்ப என் ரீல்ல மிச்சம் விழுந்ததெல்லாம்?"

"ரீலுக்குள்ளதான் இருக்கு. வாராவாரம் நீங்க குறட்டை விட ஆரம்பிச்சதும் பிரிச்சு, உப்பைத் துடைச்சு, மிச்சத்த உள்ள போட்டு மாட்டி வச்சிடுவேன். டப்பா காலியா இருந்தா நீங்க கேப்பீங்களே, அதுக்காகப் பள்ளிக்கூடத்துலேருந்து உடைஞ்ச சாமான் ஒண்ணு கொண்டுவந்து போடுவேன். இந்த வாரம் நீங்கதான் பூட்டிட்டீங்க. அதான் இந்தக் குட்டி ஸ்பிரிங் மட்டும் நிஜம். கைப்பிடி பின்பக்கமாச் சுத்தாமப் பிடிச்சுக்கறது இதுதான்."

அந்த ஸ்பிரிங்கை எடுத்துத் தனியாக வைத்தாள். மிளகில் பாதி.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார் மேற்பார்வை.

"சொன்னா நம்பியிருப்பீங்களா? 'நிராகரிப்பு, அடுத்தது'ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிருப்பீங்க. போர்வைக்குப் பின்னாடி நின்னா மட்டும்தான் உங்களுக்குக் கண்ணு தெரியுது."

"உனக்கு... தெரியுமா?"

காதோரத்துக் கண்ணாடியை எடுத்து அவர் மூக்குக்கு நேராகக் காட்டினாள். "டாக்டர் கொடுத்தது. வேலை செஞ்சு குடுத்ததுக்கு மரியாதையா. ரீலோட அடிப்பக்கம் பார்க்க எடுத்தேன். போர்வைக்குக் கீழ ரெண்டு ஆபீஸ் ஷூ தெரிஞ்சுது. பாலிஷ் போடணும் அதுக்கு."

அப்போதுதான் மேற்பார்வைக்கு மெல்ல உறைத்தது. ரூம், கதவு, பீரோ, பூட்டு. யார் எடுத்துக் கொடுத்த யோசனை அது?

மூன்று நிமிஷத்தில் ரீலைப் பிரித்து, ஸ்பிரிங்கை அதன் இடத்தில் உட்காரவைத்து, ஊற்றியிருந்த எண்ணெயை ஒற்றி எடுத்து மாட்டிக் கொடுத்தாள். நரம்பை இழுத்தாள். கைப்பிடி பாறை மாதிரி நின்றது. "இனிமே ஞாயித்துக்கிழமை நீங்க பிரிங்க, நீங்களே மாட்டுங்க, நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கறேன். ஆனா ஃபேன் ஓடும்" என்றாள். பிறகு குரலை உயர்த்தி, "சரியா இருக்கு, உள்ள போகலாம்!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஸ்பிரிங் விஷயத்தை அவள் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. அதற்காக அவருக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது.

பாலத்தின் கடைசிக்குப் போய்த் தன் வழக்கமான இடத்தில் நின்று தூண்டிலை வீசினார். ரீல் சத்தமில்லாமல் ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பும் திரும்பியது. போனால் போகிறது, மனைவிதானே. வெளி ஆள் இல்லையே. நாற்காலி அந்தப் பல்லனுக்குப் போகவில்லை, அதுவே பெரிசு. வீட்டுக்குள்தானே இருக்கிறது. பேர் மட்டும் நம்மிடம் இருந்தால் போதும் என்று தனக்குத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

அப்போது பின்னால் யாரோ திமுதிமுவென்று ஓடிவருகிற சத்தம். கூடவே, எட்டு வருஷமாகக் கேட்டுப் பழகிய அந்தக் கூப்பாடு.

"மேற்பார்வை! மேற்பார்வை எங்க? நரம்பு சிக்கிக்கிச்சு, பெரிய மீன் மாட்டியிருக்கு, சீக்கிரம்!"

மேற்பார்வைக்கு அரை அடி உயரம் கூடியது. தூண்டிலைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிதானமாகத் திரும்பினார். பல் டாக்டர்தான் மூச்சு வாங்க நின்றார். ஆனானப்பட்ட டாக்டரே வந்து நிற்கிறார்!

"இங்கதான் இருக்கேன். பதறாதீங்க. காட்டுங்க, பார்ப்போம்."

டாக்டர், குடைக்கடியில் காணாத ஆளைத் தேடுகிறவர் போல அவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார். பிறகு முப்பத்திரண்டு பல்லும் தெரிய, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"நீங்க இல்ல சார்... டீச்சர்."